இரண்டரை அடி இடைவெளி

பழநிமலைத் தொடரின் வடக்கு அடிவாரத்தில், பாலாறு–பொருந்தலாறு அணைக்கு அருகே தோப்பும் வயலுமாக அமைந்திருக்கும் பாலசமுத்திரம் பேரூராட்சியைச் சுற்றி, மனிதர்கள் நெருங்கிக் கூடும் இரு வேறு இடங்கள் உள்ளன. ஒன்று, சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பழநி. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பல லட்சம் பேர் திரளும் அந்நகரின் வீதிகளில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. மற்றொன்று, தெற்கே எழும் மலையின் மேல், கொடைக்கானலிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், குளிருக்கு அஞ்சிக் கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு பலர் ஒரே அறையில் உறங்கும் விடுதிகளும் வீடுகளும். எச்சில் திவலைகளால் தொற்றி ஒரே நாளில் ஆளைக் கொன்றுவிடக்கூடிய மெனிங்கோகாக்கஸ் நோயைப் பற்றிப் பேச்செடுத்தால் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது திருவிழாக் கூட்டம்தான். ஆனால் இந்த நோயைப் பற்றி நூறாண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்துள்ள சான்றுகள் வீதியைவிடப் படுக்கையறையையே அதிகம் சுட்டுகின்றன.

நோயை உண்டாக்குவது நைசீரியா மெனிஞ்சைடிடிஸ் என்னும் பாக்டீரியா. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு, உட்பக்கம் சற்றே குழிந்த உருண்டைகளாகத் தெரியும் இக்கிருமியை 1887இல் வியன்னாவில் அன்டன் வைக்செல்பவும் என்ற நோய்க்கூறியல் அறிஞர் நோயாளிகளின் மூளைத்தண்டுவட நீரிலிருந்து பிரித்தெடுத்தார். நோயோ அதற்கு முன்பே, 1805இல் ஜெனீவாவில் பரவியபோது, காஸ்பார் வியூசோ என்ற மருத்துவரால் தெளிவாக விவரிக்கப்பட்டிருந்தது. மனித உடலுக்கு வெளியே இந்தக் கிருமிக்கு வாழ்விடம் கிடையாது. எலி, கொசு, கால்நடை, கிணற்று நீர், மண் எதிலும் அது தங்குவதில்லை. தமிழ்நாட்டில் மூளைக்காய்ச்சல் என்ற பொதுப் பெயரில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் இதுவும் சேர்த்தே பேசப்படுவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் முன்னதில் வைரஸ் மூளையின் திசுவையே தாக்குகிறது, பின்னதில் பாக்டீரியா மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைகளைத் தாக்குகிறது, கொசுமருந்து அடிப்பதால் பின்னதைத் தடுக்க இயலாது.

கிருமியின் இயல்பான இருப்பிடம் மூக்கின் பின்புறமும் தொண்டையின் மேற்பகுதியும் சேருமிடமான மூக்குத்தொண்டை. எந்த நேரத்திலும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவர் அதை அங்கே சுமந்துகொண்டு, தும்மலோ சளியோ காய்ச்சலோ இன்றி நடமாடுகிறார் என்பது உலகளவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு; பதின்ம வயதினரிடமும் கல்லூரி இளைஞரிடமும் இந்த விகிதம் இதைவிட மிகவும் உயர்வாக இருக்கும். இவ்வாறு நோயின்றிக் கிருமியைச் சுமப்பவரை மருத்துவம் ‘கிருமி தாங்கி’ என்கிறது. வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தங்கும் கிருமி, பெரும்பாலோரிடம் அதற்கெதிரான ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புரதத்தை உருவாக்கிவிட்டுத் தானாகவே விலகிப்போகிறது. அதாவது நோய் என்பது இக்கிருமியின் வாழ்க்கையில் விதியன்று, விபத்து. தான் குடியிருக்கும் மனிதரைக் கொன்றுவிட்டால் அடுத்தவருக்குத் தாவ வழியற்றுக் கிருமியும் அழிகிறது என்பதால், இந்த விபத்தால் அதற்கும் ஆதாயம் எதுவும் இல்லை.

தாவுவதற்கு அதற்கு வேண்டியது எச்சிலும் நெருக்கமும். இருமல், தும்மல், முத்தம், முகத்துக்கு முகம் வைத்த நீண்ட நேரப் பேச்சு, ஒரே அறையில் அடுத்தடுத்துப் படுத்தல் ஆகியவற்றால் அது பரவுகிறது. உடலை விட்டு வெளியேறியதும் உலர்ந்து விரைவில் மடிந்துபோவதால், அம்மை வைரஸ்போலக் காற்றில் நெடுநேரம் மிதந்து அடுத்த அறைக்குச் செல்லும் ஆற்றல் அதற்கு இல்லை. பேருந்தில் சில நிமிடங்கள் பக்கத்தில் நின்றவருக்குத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் நோயாளியோடு ஒரே வீட்டில் வசிப்பவருக்கு நோய் வரும் வாய்ப்பு, பொதுமக்களோடு ஒப்பிட்டால், பல நூறு மடங்கு கூடுதல். தொற்றிய பின் நோய் வெளிப்பட 2 முதல் 10 நாள்கள் வரை, பெரும்பாலும் 4 நாள்கள் ஆகின்றன.

படைமுகாம்கள் கற்றுத்தந்தவை

நெருக்கம் என்பதை அடிக்கணக்கில் அளந்து காட்டியவர் ஜே. ஏ. குளோவர் என்ற ஆங்கிலேய இராணுவ மருத்துவர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் பயிற்சி முகாம் ஒன்றில் புதுப் படைவீரர்கள் அளவுக்கு மீறி அடைக்கப்பட்டனர். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே மூன்றடி இருக்க வேண்டும் என்ற விதி கைவிடப்பட்டு, ஓரடிக்கும் குறைவான இடைவெளியில் கட்டில்கள் போடப்பட்டன. குளோவர் வீரர்களின் தொண்டையிலிருந்து பஞ்சுக் குச்சியால் சளி எடுத்துத் தொடர்ந்து சோதித்தார். கட்டில்கள் நெருங்க நெருங்கக் கிருமி தாங்கிகளின் விகிதம் ஏறியது, அது 20 விழுக்காட்டைத் தாண்டிய காலத்தில் நோயாளிகள் தோன்றினர். கட்டில்களுக்கிடையே குறைந்தது இரண்டரை அடி விட்டு, சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் கொடுத்ததும் விகிதம் இறங்கியது. தடுப்பூசியும் ஆன்டிபயாடிக்கும் இல்லாத காலத்தில், செலவே இல்லாத ஒரு மாற்றத்தால் ஒரு கொள்ளைநோய் அடங்கியது. பொதுச் சுகாதார வரலாற்றில் இதற்கு உரிய புகழ் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஒரே அறையில் ஒரே கிருமியைச் சுவாசித்த நூறு பேரில் ஒருவர் மட்டும் ஏன் சாகக் கிடக்கிறார் என்ற கேள்விக்கான விடையும் படைமுகாமிலிருந்தே வந்தது. அமெரிக்காவின் ஃபோர்ட் டிக்ஸ் முகாமுக்குப் புதிதாக வந்த வீரர்களின் இரத்தத்தை முதலிலேயே எடுத்துப் பாதுகாத்து வைத்த கோல்ட்ஷ்னைடர், காட்ஷ்லிக், ஆர்டன்ஸ்டீன் ஆகிய மூவரும், பிறகு நோயுற்றவர்களின் மாதிரிகளைத் தேடியெடுத்து ஆராய்ந்து 1969இல் முடிவை வெளியிட்டனர். நோயின்றி இருந்தவர்களில் 82 விழுக்காட்டினரின் இரத்தத்துக்கு இக்கிருமியைக் கொல்லும் ஆற்றல் இருந்தது. நோயுற்றவர்களில் ஆறு விழுக்காட்டினருக்குக்கூட அது இல்லை. கிருமி தொண்டைக்கு வந்து சேர்ந்த அந்தச் சில நாள்களுக்குள் எதிர்ப்புரதம் உருவாகாமல் போனவரே நோயாளி ஆகிறார். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகள், தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புரதம் தீர்ந்து, தமக்கென ஒன்று உருவாகாத நிலையில் இருப்பதால் எளிதில் ஆட்படுகின்றனர். மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கும், காம்ப்ளிமென்ட் எனப்படும் நிரப்புப் புரதங்கள் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கும் ஆபத்து மிகுதி. அந்தப் புரதங்களின் வேலை பின்னர் விளக்கப்படும்.

இந்தியாவில் இந்நோய் எப்போதும் கனன்றுகொண்டே இருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருந்தொற்றாக எரிந்திருக்கிறது. பெரும்பாலும் அதற்குக் காரணம் கிருமியின் பல வகைகளுள் ‘ஏ’ வகை. டெல்லி 1966இலும், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்ட 1985ஆம் ஆண்டிலும், மீண்டும் 2005இலும் பெருந்தொற்றைக் கண்டது. 2005ஆம் ஆண்டுத் தொற்று, ஒரே அறையில் பலர் தங்கி உழைக்கும் பழைய டெல்லியின் நெருக்கடியான சந்துகளில் தலைதூக்கி, இளம் வயது ஆண்களையே அதிகம் தாக்கியது. 2008, 2009 ஆண்டுகளில் அது வடகிழக்குக்குச் சென்றது. மேகாலயத்தின் குளிர்ந்த மலைகளிலும், திரிபுராவின் தலாய் மாவட்டத்துப் பழங்குடிக் குடியிருப்புகளிலும் சாலை வசதியற்ற ஊர்களில் பலர் மருத்துவமனையை எட்டுவதற்கு முன்பே இறந்தனர். பழநிமலை வாசிகளுக்கு டெல்லியைவிட இந்த இரண்டாவது உதாரணமே நெருக்கமானது. அங்கிருந்ததும் மலை, குளிர், நெருங்கி உறங்கும் சிறு வீடுகள், நெடுந்தொலைவில் மருத்துவமனை என்ற அதே சேர்க்கைதான்.

யாத்திரையும் உறைவிடமும்

யாத்திரைக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு ஹஜ் பயணத்தால் உலகறிந்தது. 1987இல் மெக்காவுக்குச் சென்றவர்களிடையே ‘ஏ’ வகை பரவியதைத் தொடர்ந்து சவூதி அரேபியா தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 2000ஆம் ஆண்டில் அந்தத் தடுப்பூசியில் இடம்பெறாத ‘டபிள்யூ’ வகை புகுந்தது. அவ்வாண்டு பல நாடுகளில் நோயுற்றவர்களில் ஹாஜிகள் மட்டுமன்றி, ஊரைவிட்டே நகராமல் அவர்களை வாசலில் கட்டித் தழுவி வரவேற்ற குடும்பத்தாரும் இருந்தனர். பயணம் சென்றவர் தடுப்பூசியால் தாம் தப்பினாலும், அன்றைய தடுப்பூசி தொண்டையில் கிருமி தங்குவதைத் தடுக்காததால், அதைச் சுமந்து வந்து வீட்டில் சேர்த்தார். அதன்பின் ஏ, சி, டபிள்யூ, ஒய் ஆகிய நான்கு வகைகளுக்கும் எதிரான ஊசி கட்டாயமானது. தமிழ்நாட்டிலிருந்து ஹஜ் செல்வோரும் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள்களுக்கு முன் இதைப் போட்டுக்கொள்கின்றனர். 2024இல் மெக்காவுக்கு உம்ரா யாத்திரை முடித்துத் திரும்பிய, ஊசி போடாத சிலரிடமும் அவர்களைச் சார்ந்தவர்களிடமும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பிரான்சிலும் மீண்டும் ‘டபிள்யூ’ வகை காணப்பட்டது.

பழநி யாத்திரை இதே அச்சில் வார்க்கப்பட்டதன்று. ஹஜ்ஜில் பல கண்டங்களின் மக்கள், தத்தம் ஊரின் கிருமி வகைகளோடு வந்து, கூடாரங்களிலும் விடுதி அறைகளிலும் வாரக்கணக்கில் சேர்ந்து உறங்குகின்றனர். பழநிப் பாதயாத்திரையில் பகல் முழுதும் திறந்த வெளியில், வெயிலிலும் காற்றிலும் நடக்கிறார்கள். மலையேறித் தரிசனம் முடித்த பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ ஊர் திரும்புகிறார்கள். படிப்பாதையில் ஏற்படும் நெரிசல் மூச்சுத் திணறலுக்கும் காயத்துக்கும் வழி செய்யலாம். இக்கிருமிக்கு அது அவ்வளவு உவப்பான இடமன்று. கவனிக்க வேண்டியது இரவைத்தான்: நடந்து களைத்த குழுக்கள் மண்டபங்களிலும் சத்திரங்களிலும் பாய் விரித்துப் போர்வை பகிர்ந்து படுக்கும் இடம், ஒரே சொம்பில் தண்ணீர் குடித்து ஒரே பீடியைக் கைமாற்றும் இடம். தைப்பூசம் வரும் பனியும் தூசியும் கூடிய வறண்ட பருவம் மூக்குத்தொண்டையின் ஈரப்படலத்தைப் புண்ணாக்கும் பருவமும்கூட. ஆப்பிரிக்காவில் செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் ‘மெனிஞ்சைடிஸ் பட்டை’யில் பெருந்தொற்றுகள் பாலைவனத் தூசிக்காற்று வீசும் வறண்ட மாதங்களில் எழுந்து, முதல் மழையோடு அடங்குகின்றன.

இவ்விடத்தில் ஒரு பழைய சட்டத்தை நினைவூட்டலாம். 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருப்பது, திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொற்றுநோய்களின் வரிசையில் காலராவோடும் அம்மையோடும் மூளைத்தண்டுவடக் காய்ச்சல் என்ற பெயரில் இந்நோயையும் சேர்த்திருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு இருந்த இந்தத் தெளிவு இன்றைய திருவிழா ஏற்பாடுகளில் குடிநீர், கழிப்பறை என்ற அளவோடு நின்றுவிடுகிறது. யாத்ரீகர் உறங்கும் கூடத்தின் காற்றோட்டத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

மலைமேல் நிலைமை வேறு. கொடைக்கானல் ஆங்கிலேயர் காலம் தொட்டே உறைவிடப் பள்ளிகளின் ஊர். சனவரி இரவுகளில் வெப்பநிலை சுழியத்தை நெருங்கும்போது விடுதி அறைகளின் சன்னல்கள் மூடியே கிடக்கும். பல ஊர்களிலிருந்தும் வந்து சேரும் பதின்ம வயதினர், அதாவது கிருமியை அதிகம் சுமக்கும் வயதினர், ஒரே கூரையின் கீழ் முதன்முறையாகக் கலப்பது படைமுகாமுக்கு நிகரான சூழல். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல முதலாண்டு மாணவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பதற்கு இதுவே காரணம். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் படிக்கப் புறப்படும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இந்த ஊசியின் பெயரையே அப்போதுதான் கேள்விப்படுகிறார்கள். மலைச் சிற்றூர்களில் குளிருக்காகவும் சமையலுக்காகவும் வீட்டுக்குள்ளேயே விறகு எரிப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வடக்கு கானாவில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, விறகடுப்புப் புகை சூழ்ந்த அடுக்களையையும் நோயாளியோடு ஒரே அறையில் உறங்குவதையும் நோய்க்குரிய ஏதுக்களாகக் கண்டது.

உடலுக்குள்

மூக்குத்தொண்டையின் உட்பரப்பில் கிருமி தன் நுண்ணிய மயிரிழைகளால் ஒட்டிக்கொள்கிறது. இந்த இழைகள் வெறும் கொக்கிகள் அல்ல. நீண்டும் சுருங்கியும் கிருமியை இழுத்துச் செல்லக்கூடியவை. ஒட்டிய இடத்துச் செல்லின் வடிவத்தையே மாற்றித் தமக்கு வசதியாக்கிக்கொள்ளக்கூடியவை. சளி, காய்ச்சல், புகை, தூசி ஏதேனும் ஒன்று அந்தப் பரப்பைச் சிதைத்திருந்தால், கிருமி செல்களைக் கடந்து இரத்த நாளத்துக்குள் நுழைகிறது. இரத்தத்துக்குள் வந்த பாக்டீரியாக்களைத் துளையிட்டுக் கொல்வதற்கென்றே உடல் வைத்திருக்கும் படைதான் முன்பு குறிப்பிட்ட நிரப்புப் புரதங்கள். அவற்றை ஏமாற்ற மெனிங்கோகாக்கஸிடம் சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன ஓர் உறை உண்டு. இந்த உறையின் வேதியியல் வேறுபாட்டை வைத்தே கிருமி 12 வகைகளாகப் பிரிக்கப்படுகிறது. அவற்றுள் ஏ, பி, சி, டபிள்யூ, எக்ஸ், ஒய் ஆகிய ஆறே பெரும்பாலான நோய்க்குக் காரணம். ‘பி’ வகையின் உறையோ மனித நரம்புச் செல்களின் மேலுள்ள சர்க்கரையை அச்சு அசலாக ஒத்திருக்கிறது. உடல் அதை அந்நியனாக அடையாளம் காணவே தயங்குகிறது. அந்த வகைக்குப் பரவலாகப் பயன்படும் தடுப்பூசி காண இந்த நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டு வரை காத்திருக்க நேர்ந்ததற்கும் இதுவே காரணம்.

இரத்தத்தில் பிழைத்துக்கொண்ட கிருமி வேகமாகப் பெருகுகிறது. பெருகும்போது தன் வெளிச்சவ்வின் துணுக்குகளைக் குமிழிகளாக உதிர்த்துக்கொண்டே போகிறது. அந்தக் குமிழிகள் நிறைய எண்டோடாக்சின் எனப்படும் அகநச்சு. இதைக் கண்ட நோயெதிர்ப்புச் செல்கள் அலறியடித்து அழற்சிப் புரதங்களை வெள்ளமாகக் கொட்டுகின்றன. நோயாளியைக் கொல்வதில் கிருமிக்கு உள்ள பங்கைவிட, இந்தக் கட்டுமீறிய எதிர்வினைக்கு உள்ள பங்கு குறைந்ததன்று. இரத்த நாளங்களின் உட்சுவர் சிதைந்து, சல்லடைபோல ஒழுகத் தொடங்குகிறது; இரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் கசிந்து, நாளத்துக்குள் அழுத்தம் சரிகிறது. இதயத்தின் தசையும் அதே நச்சால் தளர்ந்து, இருக்கும் இரத்தத்தையும் உந்தித் தள்ள இயலாமல் திணறுகிறது. சிறுநீர் நின்றுபோகிறது, கை கால் சில்லிடுகின்றன.

இதே வேளையில் உடலெங்கும் நுண்ணிய நாளங்களுக்குள் இரத்தம் உறைகிறது. உறைவதற்குத் தேவையான தட்டணுக்களும் புரதங்களும் இவ்வாறு வீணாகச் செலவழிந்து தீர்ந்துபோவதால், உறைய வேண்டிய இடத்தில் உறையாமல் தோலுக்கடியிலும் உள்ளுறுப்புகளிலும் குருதி கசிகிறது. ஒரே உடலில் உறைவும் கசிவும் ஒருங்கே நிகழும் இந்த முரண்பாடுதான் தோலில் குண்டூசி முனையளவு சிவந்த புள்ளிகளாகத் தொடங்கி, சில மணி நேரத்தில் ஊதா நிறத் திட்டுகளாகப் பரந்து, மிக மோசமான நிலையில் விரல்களும் பாதங்களும் கருகி வெட்டியெடுக்க வேண்டிய நிலைக்கு இட்டுச் செல்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்குள் குருதி கசிந்து அவை செயலிழப்பதும் உண்டு; 1911இல் வாட்டர்ஹவுசும் 1918இல் ஃப்ரிடரிக்சனும் விவரித்த அந்த நிலை இருவர் பெயராலும் இன்றும் அறியப்படுகிறது. செப்சிஸ் எனப்படும் இந்தக் குருதி நச்சேற்றம், மூளையுறை பாதிக்கப்படாமலே, காலையில் பள்ளிக்குச் சென்ற பிள்ளையை மறுநாள் விடிவதற்குள் கொன்றுவிடக்கூடியது.

மற்றொரு பாதையில் கிருமி மூளையை நோக்கிச் செல்கிறது. மூளையின் நுண்நாளங்களில் மயிரிழைகளால் ஒட்டி, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தளர்த்தி, மூளையைச் சூழ்ந்துள்ள நீருக்குள் நுழைகிறது. பளிங்குபோல் தெளிந்த அந்த நீரில் நிரப்புப் புரதங்களும் எதிர்ப்புரதங்களும் மிகச் சொற்பம். காவலற்ற அந்த இடத்தில் கிருமி தடையின்றிப் பெருக, நீர் சீழ் கலந்து கலங்குகிறது. மூளையுறை வீங்கி மண்டைக்குள் அழுத்தம் ஏறுவதால் தாங்கமுடியாத தலைவலி, வாந்தி, வெளிச்சம் கண்டால் கூச்சம், மயக்கம், வலிப்பு உண்டாகின்றன. குனிந்து தாடையால் மார்பைத் தொடமுடியாதபடி கழுத்து விறைக்கிறது. கைக்குழந்தைக்குக் கழுத்து விறைப்பு தெரியாமல், உச்சிக்குழி புடைத்திருப்பதும் பால் குடிக்க மறுப்பதும் கீச்சிட்டு அழுவதும் மட்டுமே அறிகுறிகளாக இருக்கலாம். உட்செவி எளிதில் பாதிக்கப்படுவதால், பிழைத்தவர்களிடம் செவித்திறன் இழப்பு அடிக்கடி காணப்படுகிறது. உரிய சிகிச்சை பெற்றும் இந்நோயில் பத்துப் பேருக்கு ஒருவர் அல்லது அதற்கும் மேல் இறக்கின்றனர். பிழைத்தவர்களில் பத்து முதல் இருபது விழுக்காட்டினர் காது கேளாமை, உறுப்பிழப்பு, மூளைப் பாதிப்பு இவற்றில் ஏதேனும் ஒன்றோடு வாழ்கின்றனர். சிகிச்சையே பெறாதவர்களில் பாதிப் பேர் பிழைப்பது அரிது.

இழக்கப்படும் மணிகள்

பாடநூல்களில் வரும் கழுத்து விறைப்பும் ஊதாத் தடிப்பும் தாமதமாக வருபவை. பிரிட்டனில் நோயுற்ற சிறுவர்களைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வு, கால் வலி, கை கால் சில்லிடுதல், தோல் வெளிறுதல் ஆகிய மூன்றும் ஏறத்தாழ எட்டு மணி நேரத்திலேயே தோன்றிவிடுவதையும், பெயர்பெற்ற அறிகுறிகள் 13 முதல் 22 மணி நேரம் வரை கழித்தே தோன்றுவதையும் காட்டியது. முதல் நான்கைந்து மணி நேரம் அது சாதாரணக் காய்ச்சலாகவே தெரியும். மருந்துக்கடையில் ஒரு ‘செட்’ மாத்திரை வாங்கிப் போட்டுப் படுக்கவைக்கும் வழக்கம் அந்த மணிகளைத் தின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கே உரிய வேறு இரண்டு தடுமாற்றங்களும் உண்டு. காய்ச்சலோடு உடம்பில் சிவப்புப் புள்ளி கண்டால் கிராமத்தில் ‘அம்மை போட்டிருக்கிறது’ என்று முடிவுகட்டி, வேப்பிலை விரித்துப் படுக்கவைத்து, ஊசி மருந்து கூடாது என்று விலக்கிவைப்பது ஒன்று. சின்னம்மையில் புள்ளிகள் நீர்க்கொப்புளமாக மாறும், அவை அரிக்கும். இந்நோயின் புள்ளிகளில் நீர் கோக்காது. நகரத்தில் அதே புள்ளிகளைக் கண்டதும் டெங்கு என்று கருதித் தட்டணு எண்ணிக்கையை மட்டும் நாள்தோறும் சோதித்துக்கொண்டிருப்பது மற்றொன்று; மெனிங்கோகாக்கஸிலும் தட்டணுக்கள் குறையும் என்பதால் அந்த முடிவு தவறான உறுதியைத் தந்துவிடும். கண்ணாடித் தம்ளரின் பக்கத்தைப் புள்ளியின் மேல் அழுத்திப் பார்க்கையில் அது மறையாமல் தெரிந்தால் தோலுக்கடியில் குருதி கசிந்திருக்கிறது என்று பொருள். கருநிறத் தோலில் புள்ளி எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உட்புறம், மேலண்ணம் ஆகிய இடங்களில் பார்க்க வேண்டும். புள்ளியே இல்லாமலும் நோய் முற்றுவதுண்டு.

மருந்து அரியதோ விலையுயர்ந்ததோ அன்று. செஃப்ட்ரியாக்சோன் என்னும் ஊசிமருந்து ஊரகங்களிலும் பழக்கமானது. பெனிசிலினும் வேலை செய்யும். நோயை உறுதிசெய்ய முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்தி நீர் எடுத்துச் சோதிப்பது அவசியம் என்றாலும், அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. பாலசமுத்திரத்திலிருந்து பழநி அரசு மருத்துவமனை அருகில்தான்; அங்கிருந்து திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அறுபது கிலோமீட்டர் அளவு, மதுரைக்கும் கோவைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல். வாகனம் போகாத மலையூர்களிலோ நோயாளியை டோலி கட்டிச் சுமந்து இறக்குவதிலேயே பல மணி நேரம் கழிந்துவிடும். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கும் சீட்டை எழுதுமுன், முதல் வேளை ஊசியைப் போட்டு அனுப்புவதே சிறிய மருத்துவமனை செய்யக்கூடிய பேருதவி.

நோயாளிக்கு மருந்து கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. வீட்டார், விடுதியில் அதே அறையில் உறங்கியோர், எச்சில் கலக்க நெருங்கிப் பழகியோர் ஆகிய அனைவரின் தொண்டையிலிருந்தும் கிருமியை நீக்க, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், ரிஃபாம்பிசின் அல்லது சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையோ செஃப்ட்ரியாக்சோன் ஊசியோ தரப்படுகிறது. ரிஃபாம்பிசின் உட்கொண்டவரின் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும்; காசநோய் மருந்து எடுத்தவர்களுக்குப் பழகிய இந்த நிறத்தை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், பலர் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுப்பது தேவையற்றது, தீங்கானதும்கூட. 2005ஆம் ஆண்டு டெல்லியில் பரவிய கிருமி சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மசியாததாக இருந்தது ஆய்வகச் சோதனையில் தெரியவந்தது. 1960களில் அமெரிக்கப் படைமுகாம்களில் சல்ஃபா மருந்துகளும் இதேபோல் பயனிழந்தன; அந்தத் தோல்விதான் காட்ஷ்லிக் குழுவினரைத் தடுப்பூசி தேடவைத்தது. சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் கேட்டு வாங்கும் நாட்டில் அந்த மருந்து கைவிட்டதில் வியப்பில்லை.

தடுப்பூசியின் கதையில் இந்தியாவுக்குப் பெருமையும் நெருடலும் சேர்ந்தே இருக்கின்றன. உறையின் சர்க்கரையை மட்டும் கொண்டு செய்த பழைய ஊசி சிறு குழந்தைகளுக்குப் பலன் தரவில்லை, கிருமி தாங்கிகளையும் குறைக்கவில்லை. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்யும் ‘இணைப்புத் தடுப்பூசி’ இரண்டு குறைகளையும் போக்கியது. 1996–97இல் ஆப்பிரிக்காவில் சுமார் 2,50,000 பேர் நோயுற்று 25,000 பேர் இறந்த கொடுமைக்குப் பின், புணேயிலுள்ள சீரம் நிறுவனம் ஒரு டோஸ் அரை டாலருக்கும் குறைவான விலையில் ‘ஏ’ வகைக்கான இணைப்பூசியைத் தயாரித்தது. 2010இல் புர்கினா ஃபாசோவில் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தால் ‘மெனிஞ்சைடிஸ் பட்டை’ முழுவதிலும் ‘ஏ’ வகை ஏறத்தாழ மறைந்தே போனது. அதே நிறுவனத்தின் ஐந்து வகைகளுக்கான ஊசி 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சான்று பெற்று, 2024இல் நைஜீரியாவில் முதலில் போடப்பட்டது.

இந்தியாவின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் மெனிங்கோகாக்கஸ் ஊசி இடம்பெறவில்லை. ஹஜ் பயணிகளுக்கும், வெளிநாடு செல்லும் மாணவர்களுக்கும், மண்ணீரல் இழந்தோர் போன்ற ஆபத்து மிகுந்தோருக்குமே அது பரிந்துரைக்கப்படுகிறது. இயல்பான ஆண்டுகளில் நம் குழந்தைகளின் மூளையுறை அழற்சிக்குப் பெரிய காரணங்களாக இருந்தவை ஹிப், நியூமோகாக்கஸ் என்ற வேறிரு பாக்டீரியாக்கள் என்பதால், அரசு அவற்றுக்கு முதலிடம் தந்தது சரியே. ஹிப் சேர்ந்த ஐந்நோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான். எல்லாக் குழந்தைகளுக்கும் மெனிங்கோகாக்கஸ் ஊசி இன்றே வேண்டும் என்று வாதிட அவசியமில்லை. ஆனால் புணேயில் தயாராகி நைஜர் ஆற்றங்கரை வரை போகும் மருந்து, மலையூர் ஒன்றில் நோய் கிளம்பினால் சில நாள்களில் போடத்தக்க அளவிலாவது மாநிலத்தின் கையிருப்பில் இருக்க வேண்டும். உறைவிடப் பள்ளிகளும் கல்லூரி விடுதிகளும் சேர்க்கையின்போது பெற்றோரிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு கால் வலியும் கை கால் சில்லிடுதலும் சேர்ந்திருந்தாலோ, தோலில் அழுத்தினாலும் மறையாத புள்ளி தென்பட்டாலோ, அம்மையா டெங்குவா என்று வீட்டில் விவாதித்துக்கொண்டிராமல், விடியட்டும் என்று காத்திராமல், அந்த இரவிலேயே 108ஐ அழையுங்கள்.